அப்பாவின் ரூட்டில், பத்திரிகை இல்லாமல்

சொந்தக்காரர் வீட்டுக்கு எப்போது போகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பத்திரிகை வந்தால் போகிறோம். தகவல் வந்தால் போகிறோம். மற்ற நாட்களை வாட்ஸ்அப் பார்த்துக்கொள்கிறது. எங்கள் வீட்டிலும் வெகுகாலமாக இதே கதைதான். மண்டபத்தில் அத்தையைப் பார்ப்போம். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு, "ஒருநாள் சாவகாசமா வரோம் அத்தை" என்போம். அத்தையும் நம்புகிறவர் போலத் தலையாட்டுவார். கை கழுவிய ஈரம் காய்வதற்குள் சென்னைக்குக் கிளம்பியிருப்போம்.

இந்தத் தை மாதம் அந்தச் சாவகாசம் வாய்த்தது. குடியரசு தினத்தோடு சனி, ஞாயிறும் ஒட்டிக்கொண்டு வர, அப்பா, அம்மா, நான், கணவர், பிள்ளைகள் எல்லோரும் ஒரே காரில் ஏறித் தருமபுரி மாவட்டத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தோம். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, கருமாதி இல்லை. ஆட்களைப் பார்ப்பது மட்டும்தான் வேலை.

எந்த வீடு முதலில், எந்த வீடு கடைசியில் என்று வரிசை போட்டவர் அப்பா. அந்த மாவட்டத்தில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பஸ்ஸின் மேல் 'அண்ணா போக்குவரத்துக் கழகம்' என்று எழுதியிருக்கும். பின்னால் தருமபுரிக்கென்று 'அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம்' வந்தது. 1997-ல் தமிழ்நாடு முழுக்கப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை எடுத்தபோது அதுவும் போயிற்று. மூன்று பெயருக்கும் அப்பா விசில் ஊதியிருக்கிறார். கிருஷ்ணகிரி, ஓசூரெல்லாம் அப்போது தருமபுரி மாவட்டம். 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்திலிருந்து 2004-ல் கிருஷ்ணகிரி தனியாகப் போனது. அப்பாவின் கணக்கில் அது இன்னும் போகவில்லை.

எங்கள் உறவுகள் எல்லாம் அப்பாவின் ரூட்டிலேயேதான் இருக்கின்றன. அத்தையை அரூரில் கொடுத்தது, அம்மாவைப் பாலக்கோட்டில் எடுத்தது, சிநேகிதர்கள் வாய்த்தது, கைமாற்று வாங்கியது எல்லாமே ஏதாவது ஒரு பஸ் போகிற வழியில்தான். அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்த கதையே அப்படித்தான். "தெனமும் நம்ம பஸ்லதான் ஏறுவான், சில்லறை சரியாத் தருவான்" என்று அப்பா சொன்னாராம். தாத்தாவுக்கு அந்தச் சான்றிதழ் போதுமானதாக இருந்திருக்கிறது.

அரூர்

சென்னையிலிருந்து தருமபுரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வாணியம்பாடி, கிருஷ்ணகிரி வழியாகப் போவார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை வழியில்தான் போக வேண்டும், அப்போதுதான் அரூர் முதலில் வரும் என்றார். அனுமன்தீர்த்தத்தில் தென்பெண்ணையைக் கடந்தோம். பாறைகளுக்கு நடுவே கொஞ்சமாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தீர்த்தமலை கண்ணில் பட்டதும் அம்மா காருக்குள்ளிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார். அருணகிரிநாதர் பாடிய மலை. ஏறிப் போய்த் தீர்த்தத்தில் குளிக்க எனக்கும் ஆசைதான். அப்பாவின் முழங்கால் அனுமதிக்கவில்லை.

அத்தைக்கு ஊத்தங்கரை வந்த பிறகுதான் போன் செய்தோம். வாசலில் நின்றிருந்தவர் காரிலிருந்து இறங்குகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணினார். அப்பா கடைசியாக இறங்கிய பிறகுதான் அவர் முகம் சமநிலைக்கு வந்தது.

"யாருக்கு என்னாச்சு?"

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றோம். உடனே அடுத்த கேள்வி: "அப்போ எந்த முகூர்த்தத்துக்கு?" என் மகளைப் பார்த்தபடியே கேட்டார். அவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சும்மா பார்க்கத்தான் வந்தோம் என்று அப்பா சொன்னதை நம்ப அத்தைக்கு இரண்டு டம்ளர் டீ தேவைப்பட்டது. நிலம் விற்கிற பேச்சோ, பணம் கேட்கிற பேச்சோ எப்போது எழும் என்று மாமா காத்திருந்தது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. எதுவும் எழவில்லை என்றதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோழி பிடிக்கப் போனார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு பஸ் பக்கம் திரும்பியது. பஸ் இல்லாத உறவே இந்தப் பக்கம் கிடையாது என்பது அத்தையின் கட்சி. அப்பா கண்டக்டராக இருந்தபோது வண்டியில் ஆட்களோடு அவர்களுடைய காரியங்களும் பயணம் செய்தன. மகன் மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸ், கிழவருக்கு மாத்திரை, மகள் வீட்டுக்கு மொச்சை, கண்ணாடிக் கடையில் மாட்டிய மூக்குக் கண்ணாடி. "அரூர்ல எங்க தங்கச்சி வந்து வாங்கிக்கும் கண்டக்டரு" என்று சன்னல் வழியாகக் கொடுப்பார்கள். மூட்டையாக இருந்தால் லக்கேஜ் டிக்கெட். கைப்பையாக இருந்தால் அப்பாவின் சீட்டுக்குக் கீழே. அதில் ஒரு பலன் உண்டு: பையை வாங்கிக்கொள்ள வருகிறவர், வாங்கிய கையோடு பதிலுக்கு ஒன்று கொடுத்து அனுப்ப வேண்டும். அப்படியே போக்குவரத்து அறுந்துபோகாமல் இருந்தது.

எல்லாம் போய்விட்டது என்று அத்தை ஒப்பாரி வைப்பார் என எதிர்பார்த்தேன். நேர்மாறாகப் பேசினார். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை அல்லவா? அதற்கு முன்னால் பக்கத்து ஊரில் இருக்கிற நாத்தனாரைப் பார்க்க மாமாவிடம் காசு கேட்க வேண்டும், காசு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். இப்போது நினைத்தால் ஏறிவிடுகிறார். "வெள்ளிக்கிழமையானா போய் ஒரு மணிநேரம் பேசிட்டு அடுத்த பஸ்ல வந்துடுவேன். காரு வச்சிருக்கற நீங்கதான் வரதில்ல." இதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை.

கிளம்பும்போது சித்தேரி மலைச் சாமை இரண்டு பை வந்து டிக்கியில் ஏறியது. ஒன்று உங்களுக்கு, இன்னொன்று பாப்பிரெட்டிப்பட்டிக்கு என்றார் அத்தை. அங்கே யாரைப் பார்க்கப் போகிறோம் என்று நாங்கள் சொல்லவே இல்லை. அப்பா அந்தப் பக்கம் போனால் யாரைப் பார்ப்பார் என்று தங்கைக்குத் தெரியாதா!

பாப்பிரெட்டிப்பட்டி

அரூரிலிருந்து சேலம் ரோட்டில் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு போனோம். கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா பெயரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைக் காலத்தில் இந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். இந்த நாட்டுக்குக் கரும்பைக் கொண்டுவந்தவர்களே அதியமானின் முன்னோர்கள்தான் என்று புறநானூற்றில் ஔவையார் சொல்கிறார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தேன். "அப்போ டிராபிக்கும் அவங்களாலதான்" என்றான் மகன்.

அப்பாவோடு வெகுகாலம் வண்டி ஓட்டிய டிரைவர் பெரியப்பாவின் வீடு ஏற்காட்டு மலைத்தொடரின் அடியில். வாணியாறு அணைக்குப் போகிற பக்கம். வீட்டுக்குப் பின்னால் வெற்றிலைக் கொடிக்கால். கண்டக்டரும் டிரைவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே நாள் முழுக்கப் பேசிக்கொள்கிற ஆட்கள். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. அந்தப் பழக்கமோ என்னவோ, வாசல் திண்ணையிலும் இருவரும் எதிரெதிரே உட்காரவில்லை. பக்கம் பக்கமாக உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்கள். யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள், யாருக்குப் பென்ஷன் இழுத்தடிக்கிறது, எந்த டைமிங்கில் இப்போது பஸ்ஸே இல்லை. பேச்சில் ஊர்ப்பெயர்களும் மணிக்கணக்கும்தான். இடையிடையே நீண்ட மௌனம். இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்பதை அம்மா சொல்லித்தான் நான் புரிந்துகொண்டேன்.

என் கணவர் கும்பகோணத்துக்காரர். சமவெளியில் வண்டி ஓட்டிப் பழகியவர். தொப்பூர் கணவாயில் எப்படி இறங்குவது என்று பெரியப்பா அவருக்குத் தனியாகப் பாடம் எடுத்தார். தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே அந்தக் கணவாயில் எத்தனை விபத்து நடக்கிறது என்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். சேலம் பக்கம் இறக்கம் நீளம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிற லாரி, வேகம் கூடிய பிறகு பிரேக்கை மட்டும் நம்ப வேண்டியிருக்கும். மிதிக்க மிதிக்கப் பிரேக் சூடாகிக் கடைசியில் பிடிக்காமலே போய்விடும். "எந்த கியர்ல ஏறுவியோ அந்த கியர்லயே இறங்கு. இன்ஜின் புடிச்சுக்கும்" என்றார். நாங்கள் தொப்பூர் போகவே இல்லை. ஆனாலும் கணவர் கேட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் ஒகேனக்கல் இறக்கத்தில் அந்தப் பாடம் உதவியது.

பெரியம்மா சாமைப் பையை வாங்கி உள்ளே வைத்தார். பெரியப்பா கொடிக்காலுக்குப் போய் ஒரு கவுளி வெற்றிலை பறித்து, ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். "இது ஹால்ட் ஆயாவுக்கு. நீ அங்க போகாம ஊருக்குப் போக மாட்டன்னு தெரியும்."

தருமபுரி

பொம்மிடி வழியாகத் தருமபுரிக்கு வந்தோம். இந்த மாவட்டத்தில் பஸ்ஸுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்பதற்கு ஒரு காரணம் ரயில். பொம்மிடி, மொரப்பூர் எல்லாம் சேலம்–ஜோலார்பேட்டைப் பாதையில் இருக்கின்றன. தருமபுரி நகரமோ பெங்களூர் போகிற வேறொரு பாதையில். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் குறுகிய ரயில்பாதை ஒன்று போட்டார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதை மூடிவிட்டார்கள். புதுப் பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். இடைப்பட்ட காலம் முழுவதும் கிழக்கேயிருந்து மேற்கே போகிறவர்களைச் சுமந்தது பஸ்தான்.

தருமபுரியில் அம்மாவின் முறை. குமாரசாமிப்பேட்டைப் பக்கம் ஒரு லைன் வீட்டில் நாங்கள் குடியிருந்தபோது பக்கத்துப் போர்ஷனில் இருந்த அக்கா, இப்போது அதே தெருவில் சொந்த வீடு கட்டியிருக்கிறார். அம்மாவும் அவரும் பேச ஆரம்பித்ததும் நாங்கள் யாரும் அங்கே தேவைப்படவில்லை. குமாரசாமிப்பேட்டை முருகன் கோயிலில் தைப்பூசத்துக்குப் பெண்களே வடம் பிடித்துத் தேர் இழுப்பார்கள். இருவரும் கைக்குழந்தைகளை வாசலில் யாரிடமோ கொடுத்துவிட்டு ஓடிப்போய் வடம் பிடித்ததையும், கை காய்த்துப்போனதையும், அன்று இரவு இரண்டு வீட்டிலும் சோறு ஆக்காமல் பன்னும் டீயுமாக ஓட்டியதையும் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். வாசலில் விடப்பட்ட கைக்குழந்தை நான்தான் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

எழுந்தபோது அந்த அக்கா உள்ளே போய் ஒரு எவர்சில்வர் தூக்கு எடுத்துவந்தார். மூடியில் அம்மாவின் பெயர் வெட்டியிருந்தது. வீடு காலி செய்த அவசரத்தில் அங்கேயே தங்கிவிட்ட தூக்கு. வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது என்று அதில் அதிரசம் நிரப்பியிருந்தார்.

மறுநாள் காலை அதியமான்கோட்டை. காலபைரவர் கோயிலில் அம்மா விளக்கு போட வேண்டும் என்றார். தேய்பிறை அஷ்டமியாக இருந்தால் சாம்பல் பூசணியில் விளக்கேற்றக் கூட்டம் நெரியும். அன்று சாதாரண நாள், நிம்மதியாகக் கும்பிட்டோம். பக்கத்தில் சென்றாயப் பெருமாள் கோயிலில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும்.

தகடூர் என்ற பழைய பெயரும் நெல்லிக்கனிக் கதையும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது புறநானூற்றின் 101-ஆம் பாட்டு. அதியமானிடம் ஒருநாள் போனாலும் சரி, அடுத்தடுத்துப் பல நாள் கூட்டத்தோடு போய் நின்றாலும் சரி, முதல் நாள் வரவேற்ற அதே விருப்பத்தோடு வரவேற்கிறான் என்று ஔவையார் அதில் சொல்கிறார். கனி கொடுத்தது ஒருநாள் பெருந்தன்மை. திரும்பத் திரும்ப வருகிறவரைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருப்பது தினப்படி வேலை, அதுதான் கடினம். நாங்கள் போன வீடுகளில் எங்களைக் கொண்டாடினார்கள். அரிதாக வருகிறவர்களை எல்லோருமே கொண்டாடுவார்கள். அடுத்த மாதமும் ஆறு பேராகப் போய் நின்றால் என்ன ஆகும் என்று கணவரிடம் கேட்டேன். "கோழி வராது. ரசம் வரும். அப்போதான் சொந்தம்" என்றார்.

பாலக்கோடு

அதியமான்கோட்டையிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்குப் புது நான்குவழிச் சாலை போகிறது. அப்பாவுக்கு அதில் ஒரு ஸ்டேஜும் அடையாளம் தெரியவில்லை. ஊர்களெல்லாம் ஓரமாக ஒதுங்கிவிட்டன. பாலக்கோடு வந்து உள்ளே இறங்கிய பிறகுதான் பேச ஆரம்பித்தார்.

தாய்மாமாவுக்குத் தக்காளித் தோட்டம். பாலக்கோடு தக்காளி மண்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் மாமாவுக்கு இரண்டே காலம்தான்: கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய 2023 ஜூலை ஒன்று, மற்ற எல்லா மாதங்களும் ஒன்று. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே விட்ட வருடங்கள் உண்டு. நட்ட அன்றைக்கு விலை என்ன என்று தெரியாது, பறிக்கிற அன்றைக்குத்தான் தெரியும். ஒரே சமயத்தில் எல்லோரும் நட்டிருந்தால் மண்டியில் குவிந்துவிடும்; எங்கேயோ மழை அடித்து அங்கே பயிர் போனால் இங்கே விலை ஏறும். "அடுத்தவன் வயித்தெரிச்சல்லதான் நம்ம வெள்ளாமைக்கு வெல" என்றார் மாமா. சொல்லிவிட்டு அவருக்கே அது பிடிக்கவில்லை. எழுந்து போய் இரண்டு பெட்டி தக்காளி கொண்டுவந்து காருக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்றை வேண்டாமென்று கெஞ்சிக் குறைத்தோம்.

மதியம் கேழ்வரகு களி, கீரைக் கடைசல், கொள்ளு ரசம். களியை மெல்லக் கூடாது, குழம்பில் தொட்டு விழுங்க வேண்டும் என்று கும்பகோணத்து மாப்பிள்ளைக்கு மாமியே செய்து காட்டினார். அவர் மென்றுதான் சாப்பிட்டார். வீட்டுக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டவர்கள் தோட்டத்துக்குப் போய்ச் சிரித்தார்கள்.

பாப்பாரப்பட்டி வழியாகப் பென்னாகரம் போகையில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்தில் நிறுத்தினோம். 1884-ல் வத்தலக்குண்டில் பிறந்தவர். வ.உ.சி.யோடு 1908-ல் கைதாகிச் சிறைக்குப் போய்த் தொழுநோயோடு வெளியே வந்தவர். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடுத்தது. கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கடைசியில் இங்கே நண்பர்களின் உதவியோடு இடம் வாங்கி, பாரதபுரம் என்று பெயர் வைத்து, பாரத மாதாவுக்குக் கோயில் கட்டக் கனவு கண்டு, 1925 ஜூலை 23-ல் இங்கேயே இறந்தார். பலகையை முழுதாகப் படித்துவிட்டு அப்பா சொன்னது ஒன்றுதான்: "வண்டியில எடம் இல்லன்னு சொல்லலாம். உனக்கு எடம் இல்லன்னு சொல்லக் கூடாது."

பென்னாகரம் பக்கத்தில் ஒரு ஊர்

வெளியூர் வாசகர்களுக்கு 'ஹால்ட் பஸ்' தெரியாமல் இருக்கலாம். கடைசி ட்ரிப் முடிந்ததும் பஸ் டிப்போவுக்குத் திரும்பாது. ஏதாவது ஒரு கிராமத்தில் நின்றுவிடும். விடியற்காலை அங்கிருந்தே முதல் ட்ரிப். டிரைவரும் கண்டக்டரும் வண்டியிலேயே படுப்பார்கள். வசூல் பணம் இருக்கும் தோல்பை கண்டக்டரின் தலைமாட்டில். இரவுச் சாப்பாட்டுக்கு அந்த ஊரில் யாரோ ஒரு புண்ணியவதி அமைய வேண்டும். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அமைந்தவர்தான் ஆயா. ரத்த சம்பந்தம் கிடையாது, சாதியும் வேறு. களி உருண்டையும் குழம்பும் வாசலுக்கே வரும். காசு வாங்க மாட்டார். தீபாவளிக்கு அப்பா எடுத்துக் கொடுக்கிற புடவையை மட்டும் வாங்கிக்கொள்வார்.

ஆயாவுக்கு இப்போது கண் மங்கல். அப்பா பேசிய பிறகும் அடையாளம் பிடிபடவில்லை. வெற்றிலையைக் கையில் கொடுத்ததும் முகர்ந்து பார்த்துவிட்டு, "டிரைவரு வல்லியா?" என்றார். அவ்வளவுதான், பழைய கணக்கு முழுவதும் திறந்துகொண்டது.

அந்த வீட்டில் ஆயாவின் மகள், எனக்கு அத்தை முறை. சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். என் அம்மாவுக்கும் அந்தப் பழக்கம் உண்டு; கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட அம்மாவின் பல் தெரியாது. பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் வளர்ந்த அந்தத் தலைமுறைக்குப் பல்லில் பழுப்புக் கறை. இந்தப் பகுதியின் பாறையிலேயே புளோரைடு இருக்கிறது. நிலத்தடி நீரில் அது கரைந்து வருகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பி இருந்தால் அதைத்தான் குடிக்க வேண்டும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. சிறு வயதில், பல்லின் எனாமல் உருவாகிற காலத்தில் அதிகமாகக் குடித்தவர்களுக்குக் கறை விழும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பல வருடம் தொடர்ந்து குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கும். பெண் பார்க்க வந்த இடத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்ததற்கு அடக்கம் காரணமல்ல என்று அந்த அத்தை சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். அவரும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அதே வீட்டில் அவருடைய பேத்திக்குப் பல் பளிச்சென்று இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. ஜப்பான் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய்த் திட்டமாக வேலை நடந்து, 2013-ல் தண்ணீர் திறந்துவிட்டார்கள். காவிரியை மேலே ஏற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் குழாயில் கொடுக்கிறார்கள். அதைக் குடித்து வளர்ந்தவள் இந்தப் பெண். ஒரே வீட்டுக்குள் இரண்டு தலைமுறை சிரிப்பதில் இருக்கிற வித்தியாசத்தைப் பார்த்தால் அந்தப் பணம் எங்கே போனது என்று தெரியும்.

ஒகேனக்கல்

மறுநாள் அந்த வீட்டுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஒகேனக்கல் புறப்பட்டோம். ஆயாவையும் கூப்பிட்டோம். "காவேரியே ஊட்டுக்கு வருது. நான் எதுக்கு அங்க போவணும்?" என்று வெற்றிலையை மடித்தார். இதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை.

பென்னாகரத்தைத் தாண்டியதும் காட்டுக்குள் இறக்கம். கணவர் கியரைக் குறைத்துக்கொண்டு பெரியப்பா சொன்னபடியே இறங்கினார். அப்பா பின்சீட்டிலிருந்து கவனித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அது பாராட்டு. தை மாதத்தில் நீர்வரத்து குறைவு, பரிசல் ஓடியது. மழைக்காலத்தில் பிலிகுண்டுலுவில் அளக்கிற நீர்வரத்து ஏறிவிட்டால் குளிக்கவும் பரிசலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். மூங்கில் பின்னலின் மேல் தார்ப்பாய் போர்த்திய பரிசலில் பாறைச் சுவர்களுக்கு நடுவே போய் வந்தோம். கரையில் நாம் வாங்கிக் கொடுக்கிற மீனை அங்கேயே அலசி, மசாலா தடவிப் பொரித்துத் தருகிற பெண்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அருவியைவிட அதுதான் ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது ஆயா வீட்டிலிருந்து புளி ஒரு பை. "சாமை குடுத்தனுப்புன அரூர் பொண்ணுக்கு" என்றார்கள். எங்களுக்கு மேற்கொண்டு அரூர் போக நேரமில்லை, கிருஷ்ணகிரி வழியாகச் சென்னை போக வேண்டும். அப்பா தருமபுரி பஸ் ஸ்டாண்டில் காரை நிறுத்தச் சொன்னார். அரூர் பஸ்ஸில் இருந்த இளம் கண்டக்டரிடம் பேசினார். ஆள் இல்லாமல் பையை ஏற்ற முடியாது சார், ரூல்ஸ் என்றார் அவர், மரியாதையாகத்தான். அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. ரூல்ஸ் என்றால் அவரும் அதைத்தான் சொல்வார். பின்சீட்டில் காலேஜ் பேக்கோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், "நான் அரூர்தான் போறேன் தாத்தா, கொடுங்க" என்று கை நீட்டியது. அத்தையின் போன் நம்பரைக் கொடுத்தோம். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. வாணியம்பாடியைத் தாண்டுவதற்குள் அத்தை போன் செய்துவிட்டார்: புளி வந்துவிட்டது, அந்தப் பெண்ணுக்கு டீ வாங்கிக் கொடுத்தாயிற்று, அவர்கள் ஊரில் தனக்கு நாத்தனார் முறையில் ஒருவர் இருக்கிறார்.

இப்படி ஒரு சுற்று போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முதல் நாளே போன் செய்யாதீர்கள், விருந்து ஏற்பாடாகிவிடும். ஒரு மணி நேரம் முன்னால் சொன்னால் போதும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு வீட்டில் கொடுப்பதை அடுத்த வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போங்கள்; வெறுங்கையோடு போகிற கூச்சமும் இருக்காது, யார் யாரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். அதற்கு டிக்கியில் பாதியைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அடுத்த முறை பஸ்ஸிலேயே போய்ப் பாருங்கள். நாங்கள் மாசிக் கடைசியில் அப்படித்தான் போகப் போகிறோம். அரூருக்கு மட்டும். சொல்லாமல்.